ஷாக் போனதை மீட்டர் சொல்லாது

ராயக்கோட்டையில் தக்காளி ஏற்றிய வண்டி ஓசூர், அத்திப்பள்ளி, சில்க் போர்டு வழியாகக் கலாசிபாளையம் சந்தைக்கு வந்து சேரும் பாதை பழையதுதான். மாறியது வண்டி. அன்று அந்த லோடை மெட்டடார் வேன்களும், 1986-க்குப் பிறகு டாடா 407-களும் சுமந்தன. 2005-இல் குட்டி யானை என்று அழைக்கப்படும் டாடா ஏஸ் வந்தது. பெங்களூரின் குறுகிய தெருக்களெல்லாம் குட்டி யானையின் வசமாயின. 2011-இல் ஓசூரிலேயே தயாரான அசோக் லேலண்ட் தோஸ்த் சேர்ந்துகொண்டது.

அன்றைய வண்டிகளில் ஷாக் அப்சார்பர் பழுது பார்க்கிற பொருளாக இருந்தது. பழைய அம்பாசடரின் நெம்புகோல் வகை ஷாக்கில் எண்ணெய் ஊற்றவே தனி மூடி உண்டு. குழாய் வகையையும் கழற்றி, சீல் மாற்றி, எண்ணெய் நிரப்பித் திரும்பப் பூட்டும் மேஸ்திரிகள் இருந்தார்கள். அதனால் ஷாக் அவ்வப்போது யாரோ ஒருவர் கையில் இருந்தது. கசிகிறதா, தண்டு கீறியிருக்கிறதா என்று ஒரு கண் பார்த்துவிடும். இன்று வருவது மூடி அடைத்த யூனிட். போனால் ஜே.சி. ரோட்டில் புதிது வாங்கி மாட்டுகிறோம். சில கடைகளில் ஓசூர் ஆலையில் செய்த கேப்ரியல் ஷாக்கே கிடைக்கும். மாற்றுவது நல்லதுதான், திறந்து ஒட்டுப்போடுவதைவிட நம்பகமும்கூட. ஆனால் பழுது பார்க்கும் பழக்கத்தோடு, குனிந்து பார்க்கும் பழக்கமும் போய்விட்டது. எனக்கு உறுத்துவது அதுதான்.

ஸ்பிரிங் பட்டை குழியின் அடியை வாங்கும். வாங்கியதைத் திருப்பித் தள்ளும். அந்தத் தள்ளலை அடக்குவதே ஷாக்கின் வேலை. பிஸ்டனில் உள்ள சிறு துளைகள் வழியே எண்ணெய் நெருக்கிக்கொண்டு ஓடும்போது அசைவு சூடாகி வெளியேறுகிறது. சீல் தேய்ந்து எண்ணெய் குறைந்தாலோ, வால்வு தளர்ந்தாலோ சக்கரம் ரோட்டை விட்டுத் துள்ளும். துள்ளுகிற சக்கரத்தில் பிரேக் அழுத்தி என்ன பயன்?

அன்று இது சீக்கிரமே தெரிந்துவிடும். ரோடு முழுக்க மோசம், வேகம் குறைவு, வண்டியும் ஓட்டுநரும் பல வருஷத் துணை. போன வாரம் இப்படித் தூக்கிப்போடவில்லையே என்று முதுகே சொல்லிவிடும். இன்றைய பெங்களூர் ஏமாற்றுகிறது. எலெக்ட்ரானிக் சிட்டி மேம்பாலத்தில், 2010-இல் திறந்த அந்தப் பத்து கிலோமீட்டரில், செத்த ஷாக்கோடும் வண்டி வழுக்கிக்கொண்டு போகும். கான்கிரீட் போட்ட சாலைகளிலும் அப்படியே. இறங்கியதும் உள்தெருக் குழிகளும் வேகத்தடைகளும் தொடங்குகின்றன. இந்திய ரோடு காங்கிரஸ் சொல்லும் வேகத்தடை 3.7 மீட்டர் அகலத்தில் 10 செ.மீ. உயரம். லேஅவுட் தெருக்களில் நாம் தாண்டுபவை பலவும் குறுகலான, செங்குத்தான மேடுகள். செயலி வழி வாடகை வந்தபின் ஒரே வண்டியை வெவ்வேறு ஆட்கள் ஓட்டுவதும் கூடிவிட்டது. போன வாரம் எப்படி இருந்தது என்று ஒப்பிட ஆளில்லை.

80,000 கிலோமீட்டர் ஓடியதும் மாற்றுங்கள் என்று பொதுவாகச் சொல்வார்கள். நெடுஞ்சாலை வண்டிக்கு அது சரியாக இருக்கலாம். நெரிசலில் ஊர்ந்து, குழிக்குக் குழி விழுந்து, முக்கால் டன் வண்டியில் ஒரு டன்னைத் திணித்து ஓடும் வண்டிக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. இங்கே மீட்டர் குறைவாகத்தான் காட்டும். தேய்மானம் முன்னாலேயே நடந்து முடிந்திருக்கும்.

மூலையை அழுத்திவிட்டு எத்தனை தடவை ஆடுகிறது என்று பார்க்கும் சோதனை காருக்குச் சரி. கடினமான பட்டையுள்ள காலி லோடு வண்டி அழுத்தினால் அசையவே அசையாது. பட்டைகளின் உராய்வே ஆட்டத்தை நிறுத்திவிடும். ஷாக் நன்றாக இருப்பதாக நினைத்துக்கொள்வோம். இதைவிட டயர் நேர்மையானது. வண்டியை நிறுத்தி உள்ளங்கையை டயரின் மேல் சுற்றித் தடவுங்கள். அலை அலையாக மேடு பள்ளம் தட்டுப்பட்டால் சக்கரம் துள்ளிக்கொண்டு ஓடியிருக்கிறது, அலைன்மென்ட்டையும் பேலன்சிங்கையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பிரேக் பிடிக்கும்போது மூக்கு பழையதைவிட ஆழமாகக் குத்துகிறதா, வளைவில் லோடு ஒரு பக்கம் சாய்ந்து நிமிர நேரமெடுக்கிறதா என்பதும் சொல்லும். கரடுமுரடான தெருவில் சிறிது தூரம் ஓட்டி நிறுத்தியதும், சைலன்சரைத் தொடாமல், இடது வலது ஷாக்குகளை லேசாகத் தொட்டால் வித்தியாசம் தெரியும்; ஒன்று சூடாகவும் மற்றது குளிர்ந்தும் இருந்தால், குளிர்ந்தது வேலை செய்யவில்லை. மேலே மெல்லிய எண்ணெய்ப் பூச்சு பயப்படும்படியானதல்ல. வழிந்து ஓடிய தடமும் அதில் அப்பிய புழுதியும்தான் கசிவு. லொடக் லொடக் சத்தம் மட்டும் என்றால் புஷ் போயிருக்கலாம், ஷாக்கைக் குறைசொல்லும் முன் அதைப் பாருங்கள்.

மாற்றும்போது ஒரு பக்கம் மட்டும் மாற்றாதீர்கள், ஒரு அச்சுக்கு இரண்டும் சேர்த்துத்தான். ஒன்று புதிது, மற்றது தளர்ந்தது என்றால் வண்டி பிரேக்கில் ஒரு பக்கம் இழுக்கும், காசு மிச்சம் பிடித்தது டயரில் போகும்.

பலருக்கு ஷாக் நினைவுக்கு வருவது எஃப்சி எனும் தகுதிச் சான்றுச் சோதனையின் தேதி நெருங்கும்போது. எட்டு வருஷம் வரை இரண்டு வருஷத்துக்கு ஒருமுறைதான் அந்தச் சோதனை. அதற்குள் பெங்களூரின் இரண்டு மழைக்காலங்கள் குழிகளை வெட்டிப் போட்டுவிடும். மே மாத மழை தொடங்குமுன் ஒருமுறை, அக்டோபர் மழை ஓய்ந்ததும் ஒருமுறை வண்டிக்கு அடியில் குனிந்து பார்க்கச் சொல்வேன்.