தந்தையும் கற்றுக்கொள்கிறார்

பெற்றோரின் அன்பு என்றும் தவறாதது என எண்ணுகிறோம். அவ்வன்பும் தவறக்கூடும், தவறை உணரும்போது அது மேலும் உயர்கிறது. இவ்வுண்மையை அழகுற விளக்குவது ‘ரிப்ளை 1988’ என்னும் தென்கொரியத் தொலைக்காட்சித் தொடர். 2015 நவம்பர் முதல் 2016 ஜனவரி வரை 20 பகுதிகளாக இது ஒளிபரப்பாயிற்று.

சியோல் நகரின் சாங்முன்தோங் பகுதியில் ஒரே சந்தில் வாழும் ஐந்து குடும்பங்களின் கதை இது. வங்கி ஊழியர் ஒருவர் நண்பரின் கடனுக்கு ஜாமீன் நின்று வறுமையில் வீழ்கிறார். அவருடைய நடுமகள் தொக்சன். பொரித்த முட்டை அக்காவுக்கும் தம்பிக்கும் உண்டு, அவளுக்கு இல்லை. அவளுடைய பிறந்தநாளுக்கும் அக்காவின் கேக்கையே மீண்டும் வைக்கிறார்கள். அவள் மனம் உடைந்து அழுகிறாள். பின்னர் தந்தை சிறு கேக் ஒன்றுடன் சந்தில் அவளைச் சந்திக்கிறார். தாம் தந்தையாகவே பிறந்துவிடவில்லை, இப்போதுதான் கற்கிறேன் என்று கூறி வருந்துகிறார்.

பெற்றோரைப் போற்ற வேண்டும் என்னும் நான்காம் கட்டளையை நாம் அறிவோம். பிள்ளைகள் மனந்தளரும்படி நடத்தலாகாது எனப் புனித பவுல் கொலோசையர் திருமுகத்தில் தந்தையருக்கும் அறிவுறுத்துகிறார். இவ்விரண்டும் சேர்ந்ததே இல்லறம்.

தோழியரே, நம் வீட்டிலும் வாய் திறவாத ஒருத்தி இருக்கலாம். அவளுக்கு முட்டை கிடைத்ததா என்று இன்றே பார்ப்போம்.