இடம் கிடைத்தது, இருக்கச் சொல்ல ஆள் உண்டா?

நீலசந்திராவில் ஒரு வீட்டில் முதல் பிள்ளை கல்லூரிக்குப் போகிறது என்றால், அது அந்த வீட்டுச் செய்தி மட்டும் அல்ல, தெருச் செய்தி. ஆஸ்டின் டவுனையும் விவேக் நகரையும் ஒட்டிய இந்த நெருக்கமான சந்துகளில் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருகின்றன. கட்டட வேலை, வீட்டு வேலை, துப்புரவுப் பணி, பெயிண்ட் வேலை, ஆட்டோ என்று வரும் வருமானத்தில் பிள்ளையைப் பி.யு.சி. தேற வைப்பதே பெரும்பாடு. அதற்கு மேல் பட்டப் படிப்புக்கு இடமும் கிடைத்துவிட்டால், "அப்பாடா, இனி அவன் சமத்து" என்று பெற்றோர் மூச்சு விடுகிறார்கள்.

சிக்கலே அங்கேதான் ஆரம்பம்.

இடம் கிடைப்பது வேறு. இருந்து படித்து முடிப்பது வேறு. முதல் பருவத் தேர்வில் இரண்டு பாடம் போய்விடுகிறது. கட்டணம் கட்டும் தேதி தாண்டிவிடுகிறது. வகுப்பில் பேசும் ஆங்கிலம் காதில் ஏறவில்லை. "நமக்கு இது ஒத்துவராது" என்று பிள்ளை நின்றுவிடுகிறது. வெளியே போ என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். இரு என்று சொல்லவும் ஆள் இருந்திருக்காது.

'இரு' என்று சொல்வதையே வாழ்நாள் வேலையாகக் கொண்ட ஒருவர் நம் கர்நாடகத்துக்கு வந்து போயிருக்கிறார். அமெரிக்கக் கறுப்பினத்தவர். பெயர் பெஞ்சமின் மேஸ். மார்ட்டின் லூதர் கிங்கை அறிந்தவர்கள் கூட அவருடைய ஆசானான இந்த மேஸை அறிவது குறைவு.

மைசூர்ப் பள்ளியில்

1937 ஜனவரியில் மைசூரில் ஒய்.எம்.சி.ஏ. உலக மாநாடு நடந்தது. அதற்கு வந்த பிரதிநிதிகளில் மேஸும் ஒருவர். அப்போது அவர் வாஷிங்டனில் உள்ள ஹோவர்ட் பல்கலைக் கழகத்தின் சமயக் கல்விப் பிரிவுக்குத் தலைவர். அந்தப் பயணத்தில்தான் வார்தாவில் காந்தியடிகளையும் சந்தித்து நெடுநேரம் பேசினார்.

மைசூரில் தீண்டத்தகாதார் என்று ஒதுக்கப்பட்ட பிள்ளைகளுக்காக ஒரு பள்ளி இருந்தது. அதன் தலைமை ஆசிரியர் மேஸைப் பேச அழைத்தார். மாணவர்களுக்கு அவரை அறிமுகம் செய்தபோது, டாக்டர் என்றோ அமெரிக்கப் பேராசிரியர் என்றோ மட்டும் சொல்லி விட்டுவிடவில்லை. இவரும் உங்களைப் போல் ஒரு தீண்டத்தகாதவர்தான். ஆனாலும் படித்து உயர்ந்திருக்கிறார் என்ற கருத்தில் பேசினார்.

மேஸுக்குத் தூக்கிவாரிப் போட்டது. முதலில் கோபமும் வந்தது. பிறகு யோசித்துப் பார்த்தார். தம் நாட்டில் தாம் உட்கார முடியாத ரயில் பெட்டி உண்டு. நுழைய முடியாத ஓட்டல் உண்டு. பிள்ளைகளைச் சேர்க்க முடியாத பள்ளி உண்டு. அப்படியானால் அந்தத் தலைமை ஆசிரியர் சொன்னது உண்மைதானே என்று, பின்னாளில் தம் சுயசரிதையில் அவரே எழுதினார்.

அந்தத் தலைமை ஆசிரியரின் பெயர் நமக்கு எட்டவில்லை. ஆனால் தொழில் தெரிந்தவர் என்பதில் சந்தேகம் இல்லை. எதிரே உட்கார்ந்திருந்த பிள்ளைகளுக்கு அன்று வேண்டியிருந்தது பெரிய விருந்தாளி அல்ல. தங்களைப் போன்ற ஒருவர் இவ்வளவு தூரம் போக முடிந்தது என்ற சாட்சி.

'பக் பென்னி'

அந்தச் சாட்சியாக நிற்க மேஸுக்குத் தகுதி இருந்தது. தெற்குக் கரோலினாவில் அடிமைகளாகப் பிறந்த தாய் தந்தைக்குப் பிள்ளை. பருத்திக் காட்டு வேலை போக, ஆண்டுக்கு நான்கு மாதம்தான் பள்ளிக்கூடம். உயர்நிலைப் பள்ளி முடிக்கும்போது வயது இருபதைத் தாண்டிவிட்டது. ஆயுதம் ஏந்திய வெள்ளையர் கூட்டம் தம் தந்தையை வழிமறித்து வணங்க வைத்ததே அவருக்கு நினைவில் நின்ற முதல் காட்சி. அந்தப் பிள்ளைதான் சிகாகோ பல்கலைக் கழகத்தில் டாக்டர் பட்டம் வாங்கியது.

இந்தியாவிலிருந்து திரும்பிச் சில ஆண்டுகளில், 1940-ல், அட்லாண்டா நகரின் மோர்ஹவுஸ் கல்லூரிக்குத் தலைவரானார். கறுப்பின ஆண் மாணவர்களுக்கான கல்லூரி அது. 1967 வரை, 27 ஆண்டுகள் அவர்தான் தலைவர்.

வந்ததும் அவர் செய்த காரியம் வேடிக்கையானது. கட்டண பாக்கியைக் கறாராக வசூலித்தார்! மாணவர்கள் அவருக்கு 'பக் பென்னி' என்று பட்டப் பெயர் வைத்தார்கள். 'பக்' என்றால் அமெரிக்கக் கொச்சையில் டாலர். பிள்ளைகள் மேல் அன்பு உள்ளவர் இப்படிச் செய்வாரா என்று கேட்கத் தோன்றும். கல்லூரி மூடிப் போனால் அன்பு எங்கே போய் நிற்கும் என்பது அவர் கணக்கு.

உலகப் போரில் மாணவர்கள் பட்டாளத்துக்குப் போய்விட்டதால் வகுப்புகள் காலியாயின. பள்ளி இறுதி வகுப்புக்கு முன்பே தேர்வு எழுதித் தேறும் பிள்ளைகளைக் கல்லூரி சேர்த்துக்கொண்டது. அப்படி 1944-ல் வந்த 15 வயதுப் பையன்தான் மார்ட்டின் லூதர் கிங். பள்ளியில் கெட்டிக்காரன் என்று பெயர் எடுத்தவன். ஆனால் கல்லூரிக்கு வந்தபோது தம் வாசிப்புத் திறன் எட்டாம் வகுப்பு அளவில்தான் இருந்தது என்று கிங்கே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார்.

இதைப் படிக்கும் நீலசந்திரா மாணவர்கள் இந்த இடத்தில் சற்று நிற்கலாம். எட்டாம் வகுப்பு வாசிப்போடு கல்லூரிக்கு வந்தவரை அந்தக் கல்லூரி வெளியே தள்ளவில்லை. குறை பையனிடம் இல்லை, அவன் படித்துவிட்டு வந்த பள்ளிகளில் என்று அங்கே இருந்தவர்களுக்குத் தெரியும்; அதே பள்ளிகளில் படித்தவர்கள்தானே அவர்களும்! செவ்வாய்க்கிழமை தோறும் மேஸ் மாணவர் கூட்டத்தில் பேசுவார். பேச்சு முடிந்ததும் கிங் அவர் அறை வரை பின்தொடர்ந்து போய் வாதம் செய்வாராம். 1968-ல் கிங் சுட்டுக் கொல்லப்பட்டபோது இரங்கலுரை ஆற்றியவரும் மேஸ்தான்.

இன்று அமெரிக்காவில் காற்று வேறு பக்கம் அடிக்கிறது. 2023 ஜூனில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் கல்லூரிச் சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் எடுப்பதைத் தடுத்தது. டெக்சாஸ் மாநிலம் 2024 முதல் அரசுப் பல்கலைக் கழகங்களில் இதற்கென இருந்த அலுவலகங்களையே மூட வைத்தது.

நம் நாட்டில்

நம் நாட்டில் சேர்க்கைக்கு இட ஒதுக்கீடு இருக்கிறது. உள்ளே போன பிறகு? 2007-ல் டில்லி எய்ம்ஸ் மருத்துவக் கல்லூரி பற்றிப் பேராசிரியர் சுகதேவ் தோரட் தலைமையிலான குழு அறிக்கை தந்தது. ஆசிரியர்களின் ஆதரவு இல்லை, விடுதியில் குறிப்பிட்ட மாடிகளுக்கு ஒதுங்க வேண்டியிருக்கிறது என்று தாழ்த்தப்பட்ட, பழங்குடி மாணவர்கள் குழுவிடம் சொன்னார்கள். 2012-ல் பல்கலைக் கழக மானியக் குழு விதி வகுத்தது: ஒவ்வொரு கல்லூரியிலும் சம வாய்ப்புப் பிரிவு வேண்டும், பாகுபாட்டைத் தடுக்க ஓர் அதிகாரி வேண்டும். நான்கு ஆண்டு கழித்து, 2016 ஜனவரி 17 அன்று, ஐதராபாத் மத்தியப் பல்கலைக் கழகத்தில் ரோகித் வெமுலா தூக்கில் தொங்கினார். விதி தாளில் இருந்தது.

பெங்களூரில் இதைப் பற்றிப் பேசியும் எழுதியும் வந்த கல்லூரி முதல்வர் ஒருவர் இருந்தார்: செயின்ட் ஜோசப் கல்லூரியின் ஏசு சபைப் பாதிரியார் ஆம்புரோஸ் பின்டோ. தலித் மக்களின் உரிமை பற்றி நூல்கள் வெளியிட்டவர். 2018-ல் காலமானார். அவர் முதல்வராக இருந்த கல்லூரி 2022 முதல் பல்கலைக் கழகமாகிவிட்டது. நீலசந்திராவிலிருந்து நடந்தே போகும் தூரம்தான்.

முதல்வர் நல்லவராக இருந்தால் பாதி வேலை முடிந்தது. மீதிப் பாதி, சன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் உதவித்தொகைக் குமாஸ்தாவிடம் இருக்கிறது. நம்மவர்களுக்கு இது இரட்டிப்பு உண்மை.

தாத்தா எப்போது வந்தார்?

ஆதி திராவிடர், பறையர் என்ற பெயர்கள் கர்நாடகத்தின் தாழ்த்தப்பட்டோர் பட்டியலிலும் இருக்கின்றன. ஆனால் பெயர் இருந்தால் மட்டும் போதாது. குடியரசுத் தலைவரின் ஆணை வெளியான 1950 ஆகஸ்டு 10-ந் தேதி குடும்பம் எந்த மாநிலத்தில் நிலையாகக் குடியிருந்தது என்பதே கணக்கு. அதற்குப் பிறகு வந்தவர்கள், தங்கள் சொந்த மாநிலத்தின் தாழ்த்தப்பட்டோராகவே எண்ணப்படுவார்கள்; வந்த மாநிலத்தின் ஒதுக்கீட்டைக் கோர முடியாது. உச்ச நீதிமன்றம் 1990-ல் மர்ரி சந்திரசேகர ராவ் வழக்கிலும் 2018-ல் பீர் சிங் வழக்கிலும் இதை உறுதி செய்தது. பெங்களூரிலேயே பிறந்து, கன்னடமும் பேசி வளர்ந்த பிள்ளைக்கும் இதே கணக்குதான். நியாயமா என்று கேட்டால், இல்லை என்றுதான் எனக்குப் படுகிறது. சட்டம் அப்படி இருக்கிறது.

ஆகவே தாத்தா எப்போது பெங்களூருக்கு வந்தார் என்பது பேரனின் படிப்பைத் தீர்மானிக்கிறது. பழைய பள்ளிச் சான்றிதழ், வாக்காளர் பட்டியல், தாத்தா வேலை பார்த்த இடத்துச் சீட்டு ஆகியவை பெட்டிக்குள் கிடக்கலாம், தேட வேண்டும். பிறகு வந்த குடும்பம் என்றால், தந்தையின் தமிழ்நாட்டுச் சான்றிதழை வைத்து இங்கேயே தாசில்தாரிடம் சொந்த மாநிலச் சான்று பெற வழி உண்டு. அது கர்நாடக ஒதுக்கீட்டுக்கு உதவாது. மத்திய அரசின் கல்வி நிறுவனங்களுக்கு உதவும்.

விவரம் தெரிந்த குமாஸ்தா இதைத் தேதி தாண்டும் முன்பே பிள்ளையிடம் சொல்லிவிடுவார். தெரியாதவர், "ஊருக்குப் போய் வாங்கி வா" என்று ஒரே வார்த்தையில் அனுப்பிவிடுவார். ஓர் ஆண்டு போயிற்று!

பிள்ளையைச் சேர்த்த முதல் மாதமே பெற்றோர் ஒருமுறை கல்லூரிக்குப் போவது நல்லது. தாழ்த்தப்பட்டோர் பிரிவைக் கவனிக்கும் ஆசிரியர் யார், உதவித்தொகை பார்ப்பவர் யார், பின்தங்கிய பாடங்களுக்குத் தனி வகுப்பு உண்டா என்ற மூன்றையும் பெயரோடு கேட்டுக் குறித்துக்கொள்ளலாம். கூலி வேலை செய்கிறவர் என்பதால் தயங்க வேண்டாம். மேஸின் தந்தையும் குத்தகை நிலத்தில் உழுதவர்தான்.

பத்தாம் வகுப்புக்கு மேற்பட்ட படிப்புக்கான மத்திய உதவித்தொகைக்குக் குடும்ப ஆண்டு வருமானம் இரண்டரை லட்சம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும். கர்நாடகத்தில் மாநில உதவித்தொகை இணையதளத்தில் விண்ணப்பிக்கும்போது சாதி, வருமானச் சான்றிதழ்களில் உள்ள ஆர்.டி. எண்ணைக் கேட்பார்கள். அந்தச் சான்றிதழ்களைச் சேர்க்கைக்கு முன்பே வாங்கி வைத்துவிட்டால் பிள்ளைக்கு ஓர் அலைச்சல் மிச்சம்.