உப்புக் காற்றில் ஒரு கீறல்

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே புதுச்சேரிக்குப் பிரயாணம் செய்பவர்கள், பக்கிங்காம் கால்வாய் வந்து முடிகிற மரக்காணத்தை நெருங்கியதும், இருமருங்கும் விரியும் உப்பளங்களையும், மழைக்கு அஞ்சிக் கீற்று வேய்ந்து மூடிய வெள்ளைக் குவியல்களையும் கண்டு, வண்டியை ஓரங்கட்டி இறங்காமல் போவது அபூர்வம். இறங்குகிற உற்சாகத்தில் கதவை அலட்சியமாகத் திறந்தால், கடற்காற்று அதைக் கையிலிருந்து பறித்துக்கொண்டு போய், பக்கத்தில் நிற்கும் காரின் மேல் மோதிவிடும். வேற்றூரில் அந்தக் கீறலை அழகுக்கு நேர்ந்த பங்கம் என்று பொறுத்துக்கொள்ளலாம். உப்பளக் கரையிலோ அதன் வழியாகத்தான் துரு உள்ளே புகுகிறது.

கதவின் மேல் நாம் காணும் வர்ணம் ஒரே பூச்சன்று. தகட்டின் மேல் பாஸ்பேட் படிவு, அதன் மேல் வண்டியின் கூட்டையே தொட்டியில் அமிழ்த்தி மின்சாரத்தால் படியவைத்த அடிப்பூச்சு, பின்பு இடைப்பூச்சு, வர்ணம், எல்லாவற்றுக்கும் மேலாக நிறமற்ற பளபளப்புப் பூச்சு என்று அடுக்கியிருந்தும், இவ்வளவும் சேர்ந்த கனம் ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்குதான். நகத்தால் தடவும்போது தட்டுப்படாத கோடு பெரும்பாலும் மேற்பூச்சோடு நின்றிருக்கும், மெருகேற்றினால் மறைந்துவிடும். நகம் சிக்கினால் காயம் ஆழமானது. உலோகமே கண்ணில் பட்டால் தாமதிக்கலாகாது.

ஏனெனில், காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சமையல் உப்பு காற்றிலுள்ள நீரை இழுத்துத் தானே கரையத் தொடங்கும். உப்பு விளைந்தபின் பாத்தியில் எஞ்சும் கசப்பு நீரிலுள்ள மக்னீசியம் குளோரைடுக்கோ 33 சதவீதமே போதும். ஆதலால் துளி மழையில்லாத மாதத்திலும், கதவில் படிந்த உப்புத் துகள் இரவில் ஈரப்படலமாக மாறுகிறது. உப்புநீர் மின்சாரத்தை நன்கு கடத்துவதால் இரும்பின் அரிப்பும் துரிதமாகிறது. தகட்டில் துத்தநாக முலாம் இருந்தால், இரும்புக்கு முன்னால் துத்தநாகம் தன்னை அரிக்கக் கொடுத்துச் சிறிது காலம் காக்கும், அவ்வளவே. 1939-இல் அமெரிக்காவில் தரநிலையாக வகுக்கப்பட்ட ஒரு சோதனையில், மூடிய பெட்டிக்குள் 35 டிகிரி செல்சியஸ் உஷ்ணத்தில் 5 சதவீத உப்புநீரைப் பனியாகத் தூவி வைக்கிறார்கள். வர்ணம் பூசிய தகட்டில் வேண்டுமென்றே ஒரு கீறல் போட்டு, துரு எவ்வளவு தூரம் பரவுகிறது என்று அளப்பதும் உண்டு. மரக்காணத்துக் கார்களுக்கு ஏறக்குறைய அதே சோதனை நித்தியப்படி இலவசமாகவே நடைபெறுகிறது.

இனி, கடைகளில் கிடைக்கும் பாதுகாப்புச் சாதனங்களைப் பற்றி. கதவு விளிம்பில் கவ்விக்கொள்ளும் ரப்பர் பீடிங், இடிபடும்போது இரு வண்டிகளையும் காக்கும் என்பது வாஸ்தவமே. ஆனால் அதன் பள்ளத்துக்குள் உப்புநீர் தங்கி, மறைவில் அரித்துக்கொண்டிருக்கும். கடலோரவாசிகள் அதை அவ்வப்போது கழற்றிக் கழுவிக் காயவைத்து மாட்டவேண்டும். அதற்குப் பொறுமையில்லாதவர் மாட்டாதிருப்பதே நலம். கதவின் நடுவில், அடுத்த காரின் கதவு வந்து இடிக்கும் உயரத்தில், இடுக்கில்லாமல் ஒட்டப்படும் பட்டையையே நான் சிபாரிசு செய்வேன். பாலியூரித்தேன் படலம் சிறு கீறல்களைத் தானே ஏற்றுக்கொள்ளும், விலைதான் அதிகம். செராமிக் பூச்சு நீரை வழிந்தோடச் செய்யுமேயன்றி, இடியைத் தாங்காது. எல்லாவற்றிலும் விபரீதமானது, நல்லெண்ணத்தோடு போர்த்தும் துணி உறைதான். கடற்காற்றில் அது ஓயாமல் படபடத்து, இடையில் சிக்கிய மணலையும் உப்பையும் கொண்டு வர்ணத்தை இரவெல்லாம் தேய்த்துக்கொண்டிருக்கும்.

பணம் செலவில்லாத உபாயங்களும் உண்டு. காற்று வரும் திசையை வண்டியின் முகம் நோக்கும்படி நிறுத்தினால், காற்று கதவை மூடவே தள்ளும், திறந்து வீசாது. நெதர்லாந்தில், கதவிலிருந்து தள்ளியிருக்கும் கையால் திறக்கப் பழக்குகிறார்கள். நம் நாட்டு ஓட்டுநருக்கு அது இடக்கை. சைக்கிளில் வருவோரைக் காப்பதற்காக ஏற்பட்ட அந்த வழக்கத்தில் உடம்பு தானாகத் திரும்பிப் பின்னால் பார்க்கிறது. கதவும் அளவாகவே திறக்கிறது.

இடிபட்டு நெளிந்தும் வர்ணம் உடையாதிருந்தால், கைதேர்ந்த டிங்கரிங்காரர் உட்புறமிருந்து தகட்டை அழுத்தி நிமிர்த்திவிடுவார். பட்டி வைத்துப் புதிதாக வர்ணம் பூசத் தேவையில்லை. வர்ணம் பெயர்ந்திருந்தால், நல்ல தண்ணீரால் உப்புப் போகக் கழுவி, முற்றிலும் உலர்த்தி, துருவைச் சுரண்டியபின், அடிப்பூச்சு வைத்து வண்டியின் வர்ணக் குறியீட்டுக்கு ஏற்ற டச்சப் பூசவேண்டும். உப்பின் மேலேயே பூசினால், பூச்சு சீக்கிரமே கொப்புளித்துவிடும். உலர்ந்த துணியால் தூசி துடைக்கும் வழக்கத்தையும் விட்டுவிட வேண்டும். முதலில் நீர், பிறகே துணி.

கழுவும்போது கதவின் அடிவிளிம்பைக் குனிந்து பார்ப்பவர் சொற்பம். கண்ணாடியின் ஓரமாகக் கதவுக்குள் இறங்கும் நீர் வெளியேற அங்கே சிறு துவாரங்கள் உள்ளன. மணலும் உப்பும் அவற்றை அடைத்துவிட்டால், நீர் உள்ளேயே நிற்கும். மேலே வர்ணம் புதுக் கருக்கு அழியாமல் இருக்க, கதவின் அடிப்பாகம் மட்டும் உள்ளிருந்து பொரிந்துபோன கடலோர வண்டிகளுக்குப் பெரும்பாலும் அதுவே காரணம்.