தாத்தாவின் லோரியும் ஒரு பெட்ரோல் தொட்டியும்

இறுக்கமாகப் பூட்டப்பட்ட எதுவும் பாதுகாப்பானது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். இயந்திரப் பொறியியல் மூன்றாம் ஆண்டு மாணவன் அல்லவா! அந்த நினைப்பை மாற்றியது என் தாத்தாவின் பழைய லோரி.

பிரிட்டனின் பெட்ஃபர்டு நிறுவனம் 1958-ஆம் ஆண்டு அறிமுகப்படுத்திய ஜே வகை லோரி அது. ஆறு சிலிண்டர் பெட்ரோல் இயந்திரம் கொண்டது. ஒரு காலத்தில் தோட்டத்துச் சாமான்களை ஏற்றிய அந்த வண்டியைத் தாத்தா இன்று ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் கோயில் வரை ஓட்டிச் செல்வார். அதன் பக்கவாட்டில் தொங்கிய பெட்ரோல் தொட்டி துருப்பிடித்துக் கசியத் தொடங்கியது.

“பெட்ரோலை வடித்துவிட்டு வெல்டிங் வைத்து அடைத்துவிடலாமே?” என்றேன். தாத்தாவின் கூட்டாளியான பட்டறைக்காரப் பெரியவர் பதறிப்போனார். “தம்பி, நிறைந்த தொட்டியைவிடக் காலித் தொட்டிக்குத்தான் நான் பயப்படுவேன்!” என்றார்.

அவர் சொன்னது அறிவியல் உண்மை. எரிவது பெட்ரோல் திரவம் அன்று, அதன் ஆவி. காற்றில் ஏறத்தாழ 1.4 முதல் 7.6 விழுக்காடு வரை அந்த ஆவி கலந்திருந்தால் ஒரு பொறி போதும், வெடித்துவிடும். நிறைந்த தொட்டியில் காற்றுக்கு இடமில்லை. வடித்த தொட்டியிலோ காற்றும் உண்டு, துருவின் இடுக்குகளில் தங்கிய பெட்ரோலின் ஆவியும் உண்டு. ஆகவே, பழையதைக் கழித்துவிட்டுப் புதிய தொட்டி வாங்கினோம்.

விடுமுறையில் நானே அதைப் பொருத்தினேன். தொட்டியின் நான்கு மூலைகளிலும் இருந்த காதுகளை, வண்டியின் முதுகெலும்பான அடிச்சட்டத்தோடு தடித்த இரும்புத் துண்டுகளால் இணைத்து, அசையாதபடி முடுக்கினேன். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மூன்று மாதம் கழித்து, கோயிலிலிருந்து திரும்பிய தாத்தா, “பெட்ரோல் வாசம் வருதய்யா” என்றார். குனிந்து பார்த்தேன். ஒரு மூலையில், போல்ட்டை ஒட்டி மயிரிழை போன்ற விரிசல். சொட்டுச் சொட்டாகப் பெட்ரோல். சூடான புகைபோக்கிக் குழாயோ அங்கிருந்து இரண்டு சாண் தூரத்தில்! என் கைகள் நடுங்கின.

பெரியவர் என்னைத் திட்டவில்லை. பெட்ரோலை வடித்துத் தொட்டியைக் கழற்றிய பிறகு, முன்சக்கரம் ஒன்றை மட்டும் ஒரு மரக்கட்டையின்மேல் ஏற்றச் சொன்னார். நான் பூட்டியிருந்த இரும்புத் துண்டுகள் முன்பு ஒரே மட்டத்தில் இருந்தன. இப்போது முன்னும் பின்னும் சரிவு மாறியிருந்தது! மேடு பள்ளங்களில் லோரியின் அடிச்சட்டம் முறுக்கிக்கொள்ளும். அப்படி வளைந்து கொடுக்கவே அது அமைக்கப்பட்டுள்ளது. நான் நான்கு மூலைகளையும் பூட்டியதால், அந்த முறுக்கையெல்லாம் மெல்லிய தகட்டாலான தொட்டி தாங்க வேண்டியதாயிற்று. விரியாமல் என்ன செய்யும்?

இரண்டாவது முறை அவர் சொற்படி செய்தேன். பழைய லோரி வைத்திருப்போருக்கு அது பயன்படலாம்.

முதலில், வேலையைத் திறந்தவெளியில் செய்யுங்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. பள்ளமான இடத்தில் தேங்கி நிற்கும். மின்கலத்தின் இணைப்பைக் கழற்றிவிடுங்கள். தீயணைப்புக் கருவி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

அடுத்து, தொட்டியைப் போல்ட்டால் துளைத்துப் பூட்டாதீர்கள். இரண்டு தாங்கிகளின்மேல் உட்கார வைத்து, அகலமான இரும்புப் பட்டைகளால் அணைத்துக் கட்டுங்கள். தாங்கிகளை அடிச்சட்டத்தின் பக்கச் சுவரில் ஏற்கனவே உள்ள துளைகளில் பொருத்துவது நல்லது. அதன் மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும் புதுத் துளை போடவே கூடாது. பாரத்தின் அழுத்தம் மிகுதியாக விழுவது அங்கேதான். 80 லிட்டர் பெட்ரோல் சுமார் 60 கிலோ இருக்கும். பிரேக் அழுத்தும்போது அத்தனையும் முன்னால் பாயப் பார்க்கும். எனவே பட்டை நழுவக் கூடாது. தகட்டை நசுக்கவும் கூடாது. சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் மீண்டும் முடுக்கிப் பாருங்கள்.

பட்டைக்கும் தொட்டிக்கும் நடுவே பெட்ரோலைத் தாங்கும் ரப்பர் வையுங்கள். துணியோ கம்பளமோ ஈரத்தை உறிஞ்சித் துருவை வளர்க்கும். இங்கேயும் நான் ஒன்றை மறந்தேன்! பெட்ரோல் அளவுகாட்டி வேலை செய்யவில்லை. ரப்பர் மின்சாரத்தைக் கடத்தாது அல்லவா? தொட்டியிலிருந்து அடிச்சட்டத்திற்கு ஒரு தரைக்கம்பி இணைத்ததும் முள் எழுந்தது. பெட்ரோல் நிரப்பும்போது தொட்டியில் நிலைமின்சாரம் தங்காமலிருக்கவும் அக்கம்பி உதவும்.

தொட்டிக்கும் இரும்புக் குழாய்க்கும் இடையில், சற்றே தளர்வாக, பெட்ரோலுக்கென்றே செய்யப்பட்ட ரப்பர் குழாய் இருக்க வேண்டும். புகைபோக்கிக் குழாயிலிருந்து எல்லாம் விலகியிருக்கட்டும். விலக்க இடமில்லையேல் நடுவே வெப்பத் தடுப்புத் தகடு வையுங்கள். தொட்டியின் காற்றுத் துளை அடைபட்டிருந்தால் இயந்திரத்திற்குப் பெட்ரோல் போகாது. தொட்டியின் கொள்ளளவையோ இடத்தையோ மாற்ற விரும்பினால், முதலில் சாலைப் போக்குவரத்துத் துறையிடம் கேட்டுவிடுங்கள்.

இறுதியாகச் சோதனை. கொஞ்சம் பெட்ரோல் ஊற்றிக் கசிவு பாருங்கள். பிறகு நிரப்பிப் பாருங்கள். அதன்பின் ஒரு சக்கரத்தைக் கட்டைமேல் ஏற்றி, தொட்டி எங்காவது உரசுகிறதா, குழாய் இழுபடுகிறதா என்று கவனியுங்கள். அந்தக் கட்டைதான் எனக்கு ஆசிரியர்.

முறுக்குவிசை பற்றித் தேர்வில் நான் நல்ல புள்ளிகள் வாங்கியவன்தான். ஆயினும், ஓடும் வண்டியில் அதைக் காணத் தெரியாததால் என் தாத்தாவை மூன்று மாதம் ஆபத்தின் பக்கத்தில் உட்கார வைத்திருந்தேன். இப்போதெல்லாம் ஞாயிறு காலையில் லோரியைக் கிளப்பும் முன், தாத்தா என்னைத்தான் பார்ப்பார். நான் குனிந்து, தொட்டியின் நான்கு பக்கமும் விரலால் தடவி, முகர்ந்து பார்த்துத் தலையசைத்த பிறகே சாவியைத் திருப்புவார்.