மும்முனை கேட்கும் கார்டு

நாமக்கல் பக்கத்திலிருந்து ஒரு கல்லூரி மாணவர் எழுதியிருக்கிறார். ஓர் அலுவலகம் கழித்துவிட்ட கம்ப்யூட்டரை அவருடைய அப்பா ஏலத்தில் எடுத்துக் கொடுத்திருக்கிறார். ஐ5 பிராசஸர், 8 ஜிபி ரேம். கொஞ்சம் கேம் ஆட வேண்டும், பிளெண்டரில் முப்பரிமாண உருவங்கள் செய்யக் கற்றுக்கொள்ள வேண்டும். சேர்த்து வைத்திருக்கும் பணத்துக்கு செகண்ட் ஹேண்டில் இரண்டு கிராபிக்ஸ் கார்டுகள் கிடைக்கின்றன: என்விடியாவின் ஜிடிஎக்ஸ் 1050 டிஐ, ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 570. "பசங்க எல்லாரும் 570தான் வேகம்னு சொல்றாங்க. நீங்க என்ன சார் சொல்றீங்க?"

பசங்க சொல்வது சரிதான். 1050 டிஐ 2016 அக்டோபரில் 139 டாலருக்கு வந்தது. 570 அடுத்த ஏப்ரலில் 169 டாலருக்கு. முப்பது டாலர் வித்தியாசம்தான். ஆனால் ஃபுல் ஹெச்டி திரையில் பெரும்பாலான கேம்களை 570 ஏறக்குறைய ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்டும். இரண்டின் பெட்டியிலும் பெரும்பாலும் 4 ஜிபி என்றுதான் போட்டிருக்கும். தொட்டி ஒரே அளவு, குழாய்தான் வேறு. 1050 டிஐயின் நினைவகப் பாதை 128 பிட், நொடிக்கு 112 ஜிபி பாயும். 570-இல் 256 பிட், 224 ஜிபி. சரியாக இரண்டு பங்கு. 2018, 19 வாக்கில் அமெரிக்கக் கடைகளில் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே விலைக்கு வந்தபோது, 1050 டிஐயை யார் வாங்குவார்கள் என்றே பலரும் கேட்டார்கள்.

அந்தக் கேள்விக்கு விடை எனக்கு எங்கள் கிணற்றடியில் கிடைத்தது.

எங்கள் கிணற்றில் 5 ஹெச்பி மோட்டார். மும்முனை கரண்ட் வந்தால்தான் ஓட வேண்டும். மும்முனை சில மணி நேரம்தான் வரும், அதுவும் பல நாள் நடுராத்திரியில். ஒரு கோடையில் கடலைக்குத் தண்ணீர் பாயாமல் தவித்தபோது, அப்பாவும் ஊரில் பலரைப்போல ஸ்டார்ட்டரில் கண்டன்சர் மாட்டி, இரண்டு முனையிலேயே மோட்டாரை ஓட்டினார். ஓடியது. பத்து நாள் ஓடியது. பதினோராம் நாள் மோட்டார் ரூமிலிருந்து கருகல் வாடை வந்தது. காயில் முழுக்கப் போய்விட்டது. ரீவைண்டிங் செலவு அந்த வருடக் கடலையில் பாதியைத் தின்றது. மோட்டார் நல்ல மோட்டார்தான். கிடைக்கிற கரண்டுக்குப் பொருந்தாத மோட்டார்.

கிராபிக்ஸ் கார்டில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்: அது எங்கிருந்து கரண்ட் எடுக்கிறது என்பது. மதர்போர்டில் செருகும் கார்டின் விளிம்பைக் கையில் எடுத்துப் பாருங்கள். தங்க முலாம் பூசிய பட்டைகள் வரிசையாக இருக்கும், நடுவே ஒரு வெட்டு. வெட்டுக்கு அந்தப் பக்கம் நீளமாக இருப்பதெல்லாம் தகவல் போகும் வழி. இந்தப் பக்கம் கட்டை விரல் நகத்தளவு குட்டித் துண்டு ஒன்று, பக்கத்துக்கு 11 பட்டைகள். கரண்ட் வருவது அந்தக் குட்டித் துண்டு வழியாக. அந்த 22 பட்டைகளிலும் 12 வோல்ட் சுமப்பவை வெறும் 5. அவை ஐந்தும் சேர்ந்து 5.5 ஆம்பியருக்கு மேல் எடுக்கக் கூடாது என்பது விதி. அது 66 வாட். 3.3 வோல்ட் பட்டைகள் தரும் சொச்சத்தையும் சேர்த்தால் மொத்தம் 75 வாட். ஒரு ஸ்லாட் தரக்கூடியது அவ்வளவே. அதற்கு மேல் வேண்டுமானால், கம்ப்யூட்டருக்குக் கரண்ட் பிரித்துத் தரும் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து தனியாக ஒயர் வர வேண்டும்: 6 பின் ஒயர் என்றால் இன்னும் 75 வாட், 8 பின் என்றால் 150.

1050 டிஐயை வடிவமைத்தவர்கள் இந்த 75-ஐ எல்லைக்கோடாக வைத்துக்கொண்டு, அதற்குள் எவ்வளவு வேகம் கொண்டுவரலாம் என்று பார்த்திருக்கிறார்கள். பெரும்பாலான 1050 டிஐ கார்டுகளில் மேலே ஒயர் மாட்டும் துளையே கிடையாது. ஸ்லாட்டில் செருகினால் வேலை முடிந்தது. அது வீட்டுக் கரண்டில் ஓடும் மோட்டார். 570-க்கு 150 வாட் வேண்டும். தனி ஒயர் இல்லாமல் அது எழுந்திருக்காது. அது மும்முனை மோட்டார்.

இந்த எல்லையைத் தாண்டினால் என்ன ஆகும் என்பதற்கு 570-இன் குடும்பத்திலேயே ஒரு கதை இருக்கிறது. 2016 ஜூன் கடைசியில் அதன் மூத்த அண்ணன் ஆர்எக்ஸ் 480 வந்தது. ஒரே ஒரு 6 பின் ஒயர்தான். விமர்சகர்கள் ஸ்லாட்டிலும் ஒயரிலும் தனித்தனியாகக் கருவி வைத்து அளந்தபோது, கார்டு ஸ்லாட்டிலிருந்து விதிக்கு மேல் உறிஞ்சுவது தெரியவந்தது. பெரிய சத்தம் எழுந்தது. ஏஎம்டி ஜூலை முதல் வாரத்துக்குள்ளேயே புதிய டிரைவர் வெளியிட்டு, சுமையை ஸ்லாட்டிலிருந்து ஒயர் பக்கம் தள்ளிவிட்டது. இரும்பில் நேர்ந்த பிழையை மென்பொருளால் சரி செய்தார்கள். அளந்து பார்த்தவர்களையும், ஒரு வாரத்தில் பதில் சொன்னவர்களையும் நான் மதிக்கிறேன். ஐந்து பட்டைகள் தாங்குகிற அளவை இத்தனை பேர் கவனித்தார்கள் என்பதே பெரிய விஷயம்.

நம் ஊரில் அந்தக் கவனம் குறைவு. அலுவலகங்கள் கழித்துவிடும் பெட்டிகளில் 240, 275 வாட் எஸ்எம்பிஎஸ்தான் பெரும்பாலும் இருக்கும். அவற்றில் 6 பின்னும் இருக்காது, 8 பின்னும் இருக்காது. அதற்குக் கடைகளில் ஒரு சின்ன ஒயர் கிடைக்கிறது. ஒரு முனை ஹார்ட் டிஸ்க்குக்குப் போகும் சாட்டா இணைப்பில் சேரும், மறுமுனை 8 பின். ஒரு சாட்டா இணைப்பின் 12 வோல்ட் பக்கம் தாங்குவது 54 வாட். மறுமுனையில் இருக்கும் கார்டு 150 வரை கேட்கலாம் என்று நம்பி உட்கார்ந்திருக்கும். ஈரோட்டில் சர்வீஸ் கடை வைத்திருக்கும் என் சித்தி மகன் அப்படி ஒன்றை எடுத்துக் காட்டினான். பிளாஸ்டிக் உருகி, பின்கள் ஒன்றோடொன்று ஒட்டி, பழுப்பு நிறத்தில் கருப்பட்டித் துண்டு மாதிரி இருந்தது. அந்த ஒயரைப் பார்த்தபோது எனக்கு மோட்டார் ரூம் வாடைதான் வந்தது. விற்கிறவர்கள் சொல்ல வேண்டும். சொல்லாமல் விற்பது தவறு.

மின்கணக்கையும் போட்டுவிடலாம். இரண்டு கார்டுக்கும் வித்தியாசம் 75 வாட். தினமும் நான்கு மணி நேரம் ஆடினால் வருடத்துக்கு 110 யூனிட், இரண்டு மாதத்துக்கு ஏறக்குறைய 18. இலவச 100 யூனிட்டின் விளிம்பில் பில்லை நிறுத்தப் பார்க்கிற வீட்டில் இந்த 18 தெரியும்.

பிளெண்டர் கற்கப் போகிறேன் என்று இவர் எழுதியிருப்பது இன்னொரு காரணம். 2021 டிசம்பரில் வந்த 3.0 பதிப்பில் கிராபிக்ஸ் கார்டிடம் வேலை வாங்கும் ஓப்பன்சிஎல் வழியை பிளெண்டர் கைவிட்டது. அதன்பின் 570 போன்ற கார்டுகளால் அதன் சைக்கிள்ஸ் ரெண்டரிங்குக்குத் தோள் கொடுக்க முடிவதில்லை. பாரம் முழுக்க பிராசஸர்மேல் விழுகிறது. 1050 டிஐ, என்விடியாவின் 'கூடா' (CUDA) வழியில் மெதுவாகவேனும் அந்த வேலையைச் செய்யும். விண்டோஸில் இரண்டுக்குமே புதிய வசதிகள் வருவது நின்றுவிட்டது. லினக்ஸ் போடுகிறவர்களுக்கு 570 நல்ல துணை. அதன் திறந்தமூல டிரைவரை இன்னும் அக்கறையாகப் பார்த்துக்கொள்கிறார்கள்.

570 வாங்குகிறவர்கள் அதன் கடந்தகாலத்தையும் வாங்குகிறார்கள். ஈதீரியம் என்ற கிரிப்டோ நாணயத்தைத் தோண்டியவர்களுக்கு (மைனிங்) இந்தக் கார்டு செல்லப்பிள்ளை. ஆறு, எட்டு என்று ஒரே சட்டத்தில் மாட்டி, இரவு பகல் ஓட்டினார்கள். அந்த வேலைக்கு வேண்டிய கோப்பு வளர்ந்து வளர்ந்து 2020 கடைசியில் 4 ஜிபி கார்டுகளில் அடங்காமல் போனது. 2022 செப்டம்பரில் ஈதீரியம் தோண்டும் முறையையே விட்டுவிட்டது. கார்டுகள் மூட்டை மூட்டையாகப் பழைய சந்தைக்கு வந்தன. மைனிங் கார்டு என்றாலே ஒதுக்கிவிடுகிறவர்களோடு நான் உடன்படவில்லை. அவற்றை வாங்கிய பிறகு கவனிக்காமல் விடுவதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. ஃபேனைச் சுற்றிப் பார்த்து, தூசி தட்டி, காய்ந்து சுண்ணாம்பாகிப்போன தெர்மல் பேஸ்ட்டை வழித்துவிட்டுப் புதிதாகப் பூசினால் அது இன்னும் சில வருடம் உழைக்கும். சித்தி மகன் அரை மணி நேரத்தில் முடித்துவிடுவான். தோண்டியவர்கள் நினைவகத்தை முடுக்கிவிட பயாஸையும் மாற்றியிருப்பார்கள். சில கார்டுகளின் மேல்விளிம்பில் அரிசி அளவு சுவிட்ச் ஒன்று இருக்கும், அதைத் தள்ளினால் இன்னொரு பயாஸுக்குப் போகும்.

1050 டிஐ பக்கம் ஆபத்து வேறு. பழைய ஜிடிஎக்ஸ் 550 டிஐ போன்ற கார்டுகளுக்கு பயாஸை மாற்றி எழுதி, 1050 டிஐ என்று பெயர் சூட்டி விற்கிறார்கள். நான் ஒருமுறை ஏமாந்திருக்கிறேன். வீட்டுக்கு வந்து மாட்டும்போதுதான் பார்த்தேன், பின்பக்கம் நீல நிற விஜிஏ துளை. 1050 டிஐயின் சிப்பிலிருந்து அனலாக் சமிக்ஞை வெளியே வராது, நிஜக் கார்டில் அந்தத் துளைக்கு வேலையே இல்லை. ஜிபியு-இஸட் மென்பொருளைப் போட்டால் பெயருக்கு முன்னால் போலி என்று ஆங்கிலத்தில் எழுதியே காட்டிவிடும். காசு கொடுப்பதற்கு முன் கடையிலேயே அதை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். தயங்கினால் வந்துவிடுங்கள்.

தம்பி, உங்கள் கடிதத்தில் ஒன்று விட்டுப்போயிருக்கிறது. பெட்டியின் பக்கவாட்டு மூடியைக் கழற்றுங்கள். எஸ்எம்பிஎஸ் மேல் ஒட்டியிருக்கும் லேபிளில் 12 வோல்ட்டுக்கு நேரே எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். அதிலிருந்து வரும் ஒயர்க் கொத்தில் 6 அல்லது 8 துளையுள்ள கறுப்பு இணைப்பு சும்மா தொங்குகிறதா என்றும் தேடுங்கள். மதர்போர்டுக்குப் போகும் இணைப்பையும் போட்டோ எடுங்கள். பல பிராண்டட் பெட்டிகளில் அது அந்தந்தக் கம்பெனியின் சொந்த வடிவம், வெளிக்கடை எஸ்எம்பிஎஸ் அதில் சேராது. பெட்டி ஒல்லியாக இருந்தால் அகலத்தையும் அளந்து எழுதுங்கள். 1050 டிஐயில் குட்டை கார்டும் உண்டு. கறுப்பு இணைப்பு இல்லையென்றால் 1050 டிஐ எடுங்கள், ஒயர் துளை இல்லாததாகப் பார்த்து. இருந்தால் லேபிள் போட்டோவோடு மறுபடி எழுதுங்கள், 570-ஐப் பற்றிப் பேசுவோம்.