லயத்து வீட்டில் ஆறாம் ஆண்டு

"நானே மூணாவதோட பள்ளிக்கூடத்த விட்டவ ஐயா. மவன் ஆறாவது படிக்கிறான். நான் என்னத்தச் சொல்லிக் குடுக்கிறது?"

கோல சிலாங்கூர், புக்கிட் ரோத்தான், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா பக்கத்துத் தோட்டங்களில் பள்ளிகள் மூடிக் கிடந்த நாட்களில் நம் தாய்மார்கள் கேட்ட கேள்வி இது. கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்காமல் வேலைக்குப் போனவர்களே அதிகம். இன்று அந்தக் கேள்விக்கே இந்தப் பகுதியை ஒதுக்குகிறோம்.

"பள்ளிக்கூடம்தான் திறந்து நடக்கிறதே, இப்போது எதற்கு இந்தப் பேச்சு?" என்று சிலர் கேட்கலாம். 2019 செப்டம்பரில் புகைமூட்டம் வந்து சிலாங்கூரில் பள்ளிகளை மூட வைத்தது. 2020, 2021 ஆகிய இரண்டு ஆண்டுகளையும் கொள்ளைநோய் விழுங்கியது. 2021 டிசம்பரில் வெள்ளம் சிலாங்கூரைப் புரட்டிப் போட்டது. மழையும் புகையும் நம்மிடம் சொல்லிவிட்டு வருவதில்லை. மறுபடி ஒரு நாள் பள்ளிக் கதவு சாத்தப்பட்டால் நம் பிள்ளை என்ன செய்யும் என்பதை, கதவு திறந்திருக்கும்போதே யோசித்து வைப்பதுதான் புத்திசாலித்தனம்.

அன்று நடந்தது என்ன?

2020 மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. நாடு முழுவதும் பள்ளிகள் மூடப்பட்டன. ஆனால் தோட்டம் மூடவில்லை. குலை பழுத்தால் வெட்டித்தான் ஆகவேண்டும், வெட்டிய குலை உடனே ஆலைக்குப் போய்த்தான் ஆகவேண்டும். ஆகவே செம்பனைத் தோட்டங்கள் இயங்க அனுமதி கிடைத்தது. அப்பா குலை வெட்டப் போனார். அம்மா உதிரிப்பழம் பொறுக்கப் போனார். வீட்டிலிருந்த ஒரே கைப்பேசி அப்பாவின் சட்டைப்பையில் போனது.

காலை எட்டு மணிக்கு ஆசிரியர் புலனத்தில் அனுப்பிய பாடத்தைப் பிள்ளை கண்ணால் பார்க்கச் சாயங்காலம் ஆனது. ஆறாம் ஆண்டில் ஒன்று, நான்காம் ஆண்டில் ஒன்று, இடைநிலைப்பள்ளியில் ஒன்று என்று மூன்று பிள்ளைகள் இருந்த வீட்டில் அந்த ஒரு கைப்பேசிக்கு அடிதடியே நடந்தது. போதாததற்கு, செம்பனைக் காட்டுக்குள் அலைவரிசை ஒரு கோடு ஏறும், மறு நிமிடம் இறங்கும். ஒரு மாதத்துக்கு வாங்கிய டேட்டா பத்து நாளில் தீரும்.

இது தோட்டத்துக்கு மட்டும் வந்த தொல்லை அல்ல. அந்த ஆண்டு கல்வி அமைச்சு எடுத்த கணக்கெடுப்பில், கலந்துகொண்ட மாணவர்களில் 36.9 விழுக்காட்டினரிடம் எந்தக் கருவியுமே இல்லை என்று தெரியவந்தது. நூறு பிள்ளைகளில் ஏறக்குறைய 37 பேர்! மடிக்கணினி வைத்திருந்தவர்கள் 9 விழுக்காட்டினர்தான். அந்த ஆண்டு ஜூன் மாதத்தில் சபாவில் ஒரு பல்கலைக்கழக மாணவி, தேர்வு எழுத அலைவரிசை தேடி மரத்தில் ஏறி உட்கார்ந்ததை நாடே பார்த்தது. நகராட்சிப் பகுதிகளுக்கு வெளியே அன்றைய குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,100 வெள்ளி. அந்தச் சம்பளத்தில் பிள்ளைக்கு ஒரு கைப்பேசி என்று எந்தத் தொழிலாளி வாங்க முடியும்?

அரசாங்கமும் சும்மா இருக்கவில்லை. 2020 ஏப்ரலில் டிவி ஓக்கே அலைவரிசையில் பாடங்கள் ஒளியேறின. 2021 பிப்ரவரி 17இல் டிடிக் டிவி தொடங்கியது. 500 பள்ளிகளில் 1,50,000 மாணவர்களுக்கு மடிக்கணினி என்று 2021ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் அறிவிக்கப்பட்டது.

தொலைக்காட்சிப் பாடம் நமக்குப் புதிதும் அல்ல. கல்வித் தொலைக்காட்சி இந்நாட்டில் 1972 ஜூன் 19ஆம் தேதியே தொடங்கிவிட்டது. அன்று பல தோட்டங்களில் சாயங்காலம் சில மணி நேரம் மட்டுமே மின்சாரம். பாடம் பகலில் ஓடியது. லயத்தில் பகலில் கரண்ட் இல்லை. 2020இல் கரண்ட் இருந்தது, கைப்பேசி போதவில்லை. இடையில் ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள். கருவியை மட்டும் நம்பியிருந்தால் நம் பிள்ளைகள் எப்போதும் ஒரு படி பின்னால்தான் நிற்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

தேர்வு போனது, கவலை போனதா?

நோயின் காரணமாக 2020ஆம் ஆண்டு யூ.பி.எஸ்.ஆர். தேர்வு ரத்தானது. 1988 முதல் நடந்துவந்த அந்தத் தேர்வே இனி இல்லை என்று 2021 ஏப்ரல் 28ஆம் தேதி கல்வி அமைச்சர் அறிவித்தார். "நல்லதாப் போச்சு, பிள்ளைக்குப் பயமில்ல" என்று பெருமூச்சு விட்டவர்கள் உண்டு. நாமும் ஒரு வகையில் மகிழ்ந்தோம். ஆனால் தேர்வு போனதால் ஆறாம் ஆண்டின் முக்கியத்துவம் போய்விடவில்லை.

ஆறு ஆண்டுகள் தமிழில் கணக்குப் போட்டு, தமிழில் பேசி வளர்ந்த பிள்ளை, அடுத்து முதலாம் படிவத்தில் காலெடுத்து வைக்கும்போது சரித்திரம், புவியியல் எல்லாம் மலாய் மொழியில் நிற்கும். மலாயில் பின்தங்கிய பிள்ளை புகுமுக வகுப்பில் ஓராண்டு கூடுதலாக இருக்க நேரிடும். அந்த ஓராண்டில் மனம் சோர்ந்து, "எனக்குப் படிப்பு வராதுப்பா" என்று சொல்லிவிட்டுப் பட்டறைக்கோ கடைக்கோ வேலைக்குப் போன பையன்கள் நம் லயங்களில் இல்லையா? தோட்டத்துப் பிள்ளை கடக்கவேண்டிய ஆறு இதுதான். அந்த ஆண்டில் பல மாதம் வீட்டிலேயே கிடந்தால், அந்த மாதங்களை வீடுதான் ஈடுசெய்ய வேண்டும்.

பாடம் நம் வாசலிலேயே இருக்கிறது

ஆறாம் ஆண்டுப் பாடம் ஏதோ எட்டாத உயரத்தில் இருக்கிறது என்று எண்ணிப் பயப்படாதீர்கள். திருத்தப்பட்ட பாடத்திட்டம் 2022இல் ஆறாம் ஆண்டுக்கு வந்தது. அதில் என்ன இருக்கிறது என்று கொஞ்சம் புரட்டிப் பார்ப்போம்.

கணிதத்தில் விழுக்காடு வருகிறது. அப்பாவின் சம்பளச் சீட்டை எடுங்கள். 2025இல் நடப்புக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. சேமநிதிக்கு 11 விழுக்காடு பிடிக்கிறார்கள். எவ்வளவு? 187 வெள்ளி. சீட்டில் அதே தொகை இருக்கிறதா என்று பிள்ளையைப் பார்க்கச் சொல்லுங்கள். பிள்ளைக்குக் கணக்கும் ஆயிற்று, அப்பாவுக்குத் தன் சீட்டும் சரிபார்த்தாயிற்று. விகிதம் வருகிறது: ஒரு கோப்பை அரிசிக்கு இரண்டு கோப்பை தண்ணீர். அச்சுத்தூரம் வருகிறது: நிரை நிரையாக நிற்கும் செம்பனையில் 12வது நிரை, 5வது மரம் என்று அடையாளம் சொல்லத் தெரிந்த பிள்ளைக்கு அது விளையாட்டு. நேர மண்டலம் வருகிறது: இங்கே இரவு எட்டு மணி என்றால் சென்னையில் மாலை ஐந்தரை.

அறிவியலில் உயிரினங்களுக்கிடையே உள்ள தொடர்பு ஒரு பாடம். செம்பனைக் காட்டில் கம்பத்தின் மேல் மரப்பெட்டி வைத்து ஆந்தை வளர்ப்பதைப் பிள்ளை தினமும் பார்க்கிறது. ஏன் வைத்தார்கள்? எலி பழத்தைத் தின்னும், ஆந்தை எலியைத் தின்னும். பாட்டி இருந்தால் இன்னொன்றும் கேட்கலாம். முன்பெல்லாம் செம்பனைப் பூவுக்குப் பெண்களே கையால் மகரந்தத் தூள் தூவினார்கள். 1981இல் ஆப்பிரிக்காவின் கேமரூனிலிருந்து ஒரு சிறு வண்டைக் கொண்டுவந்து விட்ட பிறகு, அந்த வேலையை வண்டு எடுத்துக்கொண்டது. கம்போங் குவாந்தான் ஆற்றோரத்தில் பெரெம்பாங் மரங்களில் மின்னும் மின்மினியைப் பார்க்க எங்கிருந்தெல்லாமோ ஆட்கள் வருகிறார்கள். அந்தப் பூச்சியின் புழு நத்தையைத் தின்று வளர்கிறது என்பது நம் பிள்ளைக்குத் தெரியுமா? உணவைக் கெடாமல் காப்பது இன்னொரு பாடம். அம்மா போடும் ஊறுகாயும் வெயிலில் காயும் கருவாடும் வேறென்ன?

வரலாற்றில் 1963 செப்டம்பர் 16, மலேசியா உருவான நாள். "தாத்தா, அப்ப உங்களுக்கு என்ன வயசு? எந்தத் தோட்டத்துல இருந்தீங்க?" என்று கேட்டு எழுதினால் ஒரு பக்கக் கட்டுரை கிடைத்துவிடும்.

எழுதப் படிக்கத் தெரியாத தாய் என்ன செய்யலாம்?

இனி அந்தத் தாயின் கேள்விக்கு வருவோம். அம்மா, நீங்கள் சொல்லிக் கொடுக்க வேண்டாம். கேட்டால் போதும்.

வேலை முடிந்து வந்து குளித்து, அடுப்பில் உலை வைத்த பிறகு, பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்து மூன்று கேள்வி கேளுங்கள். "இன்னைக்கு என்ன படிச்ச? அதுல எது புரியல? நாளைக்கு என்ன செய்யணும்?" படித்ததைத் தமிழில் தாய்க்கு விளங்கும்படி சொல்ல முடிந்த பிள்ளை பாடத்தைப் புரிந்துகொண்டது என்று பொருள். திக்கினால் அந்த இடத்தில்தான் ஓட்டை. புரியாததைத் தனித் தாளில் குறித்து வைக்கச் சொல்லுங்கள். ஆசிரியரிடம் கேட்க அந்தத் தாள் போதும்.

நேரம் ஒன்றை முடிவு செய்யுங்கள். இரவு ஏழு முதல் எட்டு வரை என்றால், அந்த ஒரு மணி நேரம் தொடர்நாடகம் ஓடக்கூடாது. பிள்ளையைத் திட்டிவிட்டு நாம் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்தால் யார் கேட்பார்கள்? எட்டு மணிக்கு மலாய்ச் செய்தி வரும். அதைக் கேட்டு ஐந்து புதிய சொற்களை எழுதட்டும். மாதத்துக்கு 150 சொல்! ஒவ்வொரு பக்கத்திலும் தேதி போடச் சொல்லுங்கள். எழுத்து தெரியாதவருக்கும் எத்தனை பக்கம் நிறைந்தது என்று எண்ணத் தெரியும்.

ஒரே வரிசை லயத்தில் ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் மூன்று நான்கு பேர் இருந்தால் ஒன்று சேருங்கள். நோய்க் காலத்தில் கூட முடியவில்லை. புகையிலும் மழையிலும் கூடலாமே! படிவம் நான்கில் படிக்கும் அக்கா ஒருத்தி இருந்தால், தோட்டத்து மண்டபத்தில் ஒரு மணி நேரம் உட்காரலாம். ஒரு கைப்பேசி நான்கு பேருக்கும் போதும்.

பள்ளியிடம் கேளுங்கள்

வீட்டிலிருந்து கற்பது என்றால் கைப்பேசி வழிதான் என்று நினைத்துப் பலர் வாய் திறக்கவில்லை. அது தவறு. இணையம் இல்லாத பிள்ளைக்கு இணையமில்லா வழியிலும் பாடம் தரலாம் என்று கல்வி அமைச்சின் கையேடே சொன்னது. அச்சிட்ட பயிற்சித் தாள்களைத் தோட்டத்து வாசல் வரை கொண்டுவந்து கொடுத்த ஆசிரியர்கள் இருந்தார்கள். அவர்களை நாம் வணங்குகிறோம். ஆகவே, "எங்க வீட்டுல போன் ஒண்ணுதான் டீச்சர், அதுவும் நாலு மணிக்கு மேலதான் கிடைக்கும்" என்று ஆண்டுத் தொடக்கத்திலேயே வகுப்பாசிரியரிடம் சொல்லிவையுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இன்னொன்றையும் கேளுங்கள். அந்த நாட்களில் அமைச்சு பாடத்திட்டத்தை அடிப்படை, கூடுதல், துணை என்று மூன்றாகப் பிரித்தது. கட்டாயம் தெரிந்திருக்க வேண்டியது அடிப்படைப் பகுதி. பள்ளி மூடினால், "எது அவசியம் படிக்கணும்?" என்று கேட்டு அதை முதலில் முடிக்கச் செய்யுங்கள். பள்ளி இரவல் தரும் பாடநூல் பிள்ளையின் பையில் இருக்கிறது. அதற்கு டேட்டா வேண்டாம், அலைவரிசை வேண்டாம். லயத்தில் வெள்ளம் ஏறும் அபாயம் இருந்தால், துணிமணியோடு அந்தப் புத்தகங்களையும் பிளாஸ்டிக் பையில் கட்டிப் பரணில் ஏற்றுங்கள்.

பெற்றோர்களே! 2020இலும் 2021இலும் ஆறாம் ஆண்டில் இருந்த நம் பிள்ளைகளுக்கு அந்த ஆண்டு திரும்ப வராது. அவர்களில் தடுமாறி நிற்பவர்கள் யார் யார் என்று உங்களுக்கே தெரியும். அவர்களுடைய தம்பி தங்கைகள் இப்போது ஆறாம் ஆண்டுக்கு வந்துகொண்டிருக்கிறார்கள். இன்றிரவு சாப்பாட்டுக்கு முன்னால் பிள்ளையைக் கூப்பிட்டு அந்த முதல் கேள்வியைக் கேளுங்கள்.

"இன்னைக்கு என்னடா படிச்ச?"