அயலகத்தில் ஊதியம், தாயகத்தில் மனம்

மாதத்தின் முதல் வாரத்தில் வெளிநாடுகளிலிருந்து வரும் தொகைகளை வாடிக்கையாளர்களின் கணக்குகளில் வரவு வைப்பது, வங்கி அலுவலர்களாகிய எங்களுக்கு வழக்கமான பணி. அவ்வாறு வரும் தொகைகளுக்கு ரிசர்வ் வங்கி காரணக் குறியீடுகளை வகுத்துள்ளது. அயலகத்தில் பணிபுரியும் இந்தியர் தம் வீட்டுக்கு அனுப்பும் பணம் ‘குடும்பப் பராமரிப்பும் சேமிப்பும்’ என்னும் தலைப்பில் பதிவாகும். தந்தையின் மருந்துச் செலவு, தங்கையின் கல்லூரிக் கட்டணம், பாதியில் நிற்கும் மாடியறை ஆகிய யாவும் அந்த மூன்று சொற்களுக்குள் அடங்கிவிடுகின்றன. அனுப்பியவரின் மனநிலைக்கு மட்டும் குறியீடு ஏதும் இல்லை.

உலக வங்கியின் மதிப்பீட்டின்படி, 2022ஆம் ஆண்டில் இந்தியாவுக்கு இவ்வாறு வந்த தொகை 10,000 கோடி அமெரிக்க டாலரைக் கடந்தது. ஓராண்டில் அந்த அளவைத் தாண்டிய முதல் நாடு இந்தியாவே. வளைகுடா மருத்துவமனைகளில் பணியாற்றும் கேரளச் செவிலியர், அமெரிக்காவில் உள்ள மென்பொருள் பொறியாளர், சிங்கப்பூரில் உள்ள கட்டுமான மேற்பார்வையாளர் எனப் பலரது உழைப்பு அதில் அடங்கியிருக்கிறது. அத்தனை பேருடைய ஊர் ஏக்கமும் அதனுடன் சேர்ந்தே வருகிறது.

பழைய நோய், புதிய பெயர்

இந்த ஏக்கம் இன்று தோன்றியதன்று. பொருள் தேடத் தலைவன் பிரிந்து செல்வதைப் ‘பொருள்வயிற் பிரிவு’ எனத் தனித்துறையாகவே வகுத்தது தமிழ் இலக்கண மரபு. ஐரோப்பாவில் 1688ஆம் ஆண்டு யோகன்னஸ் ஹோஃபர் என்னும் மருத்துவ மாணவர், தாய்நாட்டை விட்டு அகன்று வாழ்ந்த சுவிட்சர்லாந்து நாட்டவரிடம் கண்ட வாட்டத்தை ஒரு நோயாகவே கருதி ஆய்வேடு எழுதினார். வீடு திரும்புதல், வலி என்னும் பொருள்தரும் இரு கிரேக்கச் சொற்களை இணைத்து அவர் அதற்கு இட்ட பெயரே ‘நாஸ்டால்ஜியா’.

நம் நாட்டுப் பெருமக்களும் இதற்கு விலக்கல்லர். சென்னைத் துறைமுகக் கழகத்தின் கணக்குப் பிரிவில் எழுத்தராக இருந்த இராமானுஜன், 1914ஆம் ஆண்டு கேம்பிரிட்ஜ் சென்றார். அங்கே தாமே சமைத்து உண்டு காலம் கழித்தார். முதல் உலகப் போர் மூண்டதும் காய்கறிகளும் தமக்கு ஏற்ற உணவுப்பொருள்களும் கிடைப்பது அரிதாயிற்று. 1917இல் நோயுற்ற அவர், 1919இல் தாயகம் திரும்பி, அடுத்த ஆண்டே தம் 32ஆம் வயதில் மறைந்தார்.

சட்டம் பயில 1888இல் இலண்டன் சென்றபோது காந்தியடிகளுக்குப் பத்தொன்பது வயதும் நிறைந்திருக்கவில்லை. இரவுகளில் வீட்டையும் அன்னையையும் நினைந்து கண்ணீர் வடித்ததை அவர் தம் வரலாற்றில் பதிவு செய்துள்ளார். 1891இல் அவர் பம்பாயில் வந்திறங்கியபோதுதான் அன்னை மறைந்த செய்தி அவருக்குச் சொல்லப்பட்டது. அந்நிய மண்ணில் தனியே இருப்பவர் அத்துயரைத் தாங்கமாட்டார் என எண்ணி, தமையனார் அதனை மறைத்து வைத்திருந்தார்.

‘எல்லாரும் நலம்’

அக்காலத்தில் கடிதம் வந்துசேர வாரங்கள் ஆயின. இன்று கைப்பேசியில் ஒருவரையொருவர் நேரில் காண்பதுபோல் காண்கிறோம். ஆயினும் மறைக்கும் வழக்கம் மாறியதாகத் தெரியவில்லை. தாய்க்குச் சர்க்கரை அளவு ஏறியிருப்பதை மகனிடம் சொல்ல வேண்டாம் என்கிறார் தந்தை. அலுவலகத்தில் ஆட்குறைப்பு நடப்பதைப் பெற்றோரிடம் சொல்லாமல் தவிர்க்கிறான் மகன். இரு பக்கமும் ‘எல்லாரும் நலம்’ என்று சொல்லியே அழைப்பு முடிகிறது. அன்பினால் மறைப்பதுதான், எனினும், மறைக்கப்படுகிறது என்ற ஐயம் எழுந்துவிட்டால் தொலைவில் இருப்பவருக்கு ஒவ்வொரு நள்ளிரவு அழைப்பும் அச்சம் தருவதாகிவிடுகிறது.

நேர வேறுபாடும் ஒரு தடையே. துபாய்க்கும் நமக்கும் ஒன்றரை மணி நேரமே இடைவெளி. இலண்டனுடன் கோடையில் நாலரை மணி, குளிர்காலத்தில் ஐந்தரை மணி. நியூயார்க்குடன் ஒன்பதரை அல்லது பத்தரை மணி. இங்கே தாய் மாலை விளக்கேற்றும் வேளையில் அங்கே மகள் அலுவலகத்துக்கு விரைந்துகொண்டிருப்பாள். தீபாவளியும் ஓணமும் அங்கே பெரும்பாலும் சாதாரண வேலை நாள்கள். கைப்பேசி வழியே கேட்கும் குக்கர் விசிலும், தெருவில் பூ விற்பவரின் குரலும் அவளை அன்று முழுவதும் அலைக்கழிக்கக்கூடும்.

இத்தகைய நாள்களில் வரமுடியாத குறையைத் தொகையால் ஈடுசெய்யும் வழக்கம் பலரிடம் உண்டு. பண்டிகை மாதத்தில் வழக்கத்தினும் கூடுதலாக அனுப்பிவிட்டு, ‘துணி எடுத்துக்கொள்ளுங்கள்’ என்று சொல்லிவிடுகிறார்கள். முதியோர் சிலர் கணக்குப் புத்தகத்தில் வரவு பதியச் சொல்லி எங்களிடம் வருவது இருப்பை அறிவதற்காக மட்டும் அன்று. தொகை தேதி தவறாமல் வந்திருந்தால், பிள்ளை நலமாக இருக்கிறான் என்பது அவர்களுடைய கணக்கு.

அஞ்சலகத்து மணியார்டர் படிவத்தின் அடியில் செய்தி எழுதச் சிறிதளவு இடம் இருந்தது. பணத்துடன் சேர்ந்து இரண்டு வரி கடிதமும் வீடு வந்தது. இன்றைய மின்னணுப் பரிமாற்றம் விரைவானது, பாதுகாப்பானது. அந்த இரண்டு வரியை மட்டும் நாம் தனியே சொல்லியாக வேண்டியிருக்கிறது.

கவலையைக் குறைக்கும் ஏற்பாடுகள்

ஏக்கத்தை நீக்க வங்கியால் இயலாது. அதனுடன் சேரும் கவலைகளுள் சிலவற்றை நீக்க இயலும்.

வேலைக்காக வெளிநாடு செல்பவர், தம் உள்நாட்டுச் சேமிப்புக் கணக்கை என்.ஆர்.ஓ. கணக்காக மாற்றிக்கொள்ள வேண்டும். வாடகை, ஓய்வூதியம் போன்ற இந்திய வருமானத்துக்கு அது உரியது. வெளிநாட்டு ஊதியத்தைச் சேமிக்க என்.ஆர்.இ. கணக்கு ஏற்றது. அதன் அசலையும் வட்டியையும் மீண்டும் வெளிநாட்டுக்குக் கொண்டுசெல்லலாம்.

ஊரில் உள்ள பெற்றோருக்கோ உடன்பிறந்தாருக்கோ கணக்கை இயக்கும் அதிகாரப் பத்திரம் அளித்துவைத்தால், திடீர் மருத்துவச் செலவின்போது பிள்ளையின் விடியலுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. மருத்துவக் காப்பீட்டுத் தவணைக்கு நிலையான உத்தரவு தந்துவிடலாம்.

2025 நவம்பர் 1 முதல் வைப்புக் கணக்குகளுக்கு நால்வர் வரை நியமனதாரர்களை, அதாவது நாமினிகளைக் குறிப்பிடலாம். தம் கணக்குடன் பெற்றோரின் கணக்குகளிலும் இது பதிவாகியுள்ளதா என்று விடுமுறையில் வரும்போது பார்த்துச் செல்வது நன்று.

ஊர்ப் பயணத்துக்கென்றே ஒரு தொடர்வைப்பு வைத்திருக்குமாறும் பரிந்துரைக்கிறோம். அவசரச் செய்தி கிடைத்த இரவில் விமானக் கட்டணத்தை எண்ணித் தயங்கும் நிலை எவருக்கும் நேரக்கூடாது. நிரந்தரமாகத் திரும்பி வருவோர், அதனை வங்கிக்குத் தெரிவித்துக் கணக்குகளை மாற்றிக்கொள்ள வேண்டும். வெளிநாட்டு நாணயத்தில் வைத்த எஃப்.சி.என்.ஆர். வைப்பை முதிர்வு நாள் வரை அதே வட்டியில் தொடரலாம்.

உண்மையைப் பகிர்தல்

இத்தனை ஏற்பாடுகளுக்குப் பின்னும் செய்ய வேண்டிய ஒன்று மிஞ்சுகிறது. வாரத்தில் ஒரு நாள், பணத்தைப் பற்றிப் பேசாத ஓர் அழைப்புக்கு நேரம் ஒதுக்குங்கள். பெற்றோர் தம் உடல்நிலையை மறைக்காமல் கூறட்டும். பிள்ளைகள் தம் அலுப்பையும் தனிமையையும் கூறட்டும். கவலையைப் பகிர்ந்துகொள்வது பிள்ளைக்குச் சுமையாகிவிடும் என்று பெற்றோர் அஞ்சுகின்றனர். தமக்குத் தெரியாமல் ஏதோ நிகழ்கிறது என்னும் எண்ணம் அதனினும் பெரிய சுமை.

தொகையை உரிய கணக்கில் சேர்க்கும் பொறுப்பு எங்களுடையது. அத்துடன் சேர வேண்டிய இரண்டு வரியை நீங்கள்தாம் சொல்ல வேண்டும்.